சுவரைத் தொடாத தளம்

"ஏனுங்க ஆசாரி, உளியை நிறுத்திப்போட்டீங்க?"

வீட்டுக்காரர் சைனுதீன் ராவுத்தர் பதறிப்போய்க் கேட்டார். கந்தப்ப ஆசாரி, உத்தரம் செருகுவதற்காகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். நாலு விரல் ஆழம் வரை செங்கல் தூள் சிவப்பாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு வந்தது வெறும் மண்.

கேரளம் பிறந்த வருஷம் ராவுத்தர் எழுப்பிய அந்தச் செங்கல் வீட்டைப் பற்றிச் சித்தூர்ப் பக்கத்தில் பேசாதவர்கள் இல்லை. முகப்பு மட்டும்தான் செங்கல், பின்னால் இருப்பது பழைய மண்சுவர் என்பது யாருக்கும் தெரியாது.

"சம்பந்தி கேட்டப்ப, முழுக்கச் செங்கல்னு வறட்டுக் கவுரவத்துல சொல்லிப்போட்டேனுங்க," என்றார் ராவுத்தர் மெல்ல. "அவரு, 'செங்கல் ஊட்டுப் பொண்ணுதான் எம் பையனுக்கு'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. இது தெரிஞ்சா எம்மவ ஹவ்வாவோட நிக்காஹே நின்னுபோகுமுங்க."

நிக்காஹுக்கு ஒரே வாரம். மாப்பிள்ளை வீட்டார் உட்காரத்தான், வீட்டை ஒட்டிய சரிவில் இந்தப் பலகைத் தளம்.

ஆசாரி செங்கல் தூளையும் மண்ணையும் குழைத்துத் துளையை அடைத்தார்.

"கவலைய உடுங்க. எட்டுக் கால் நட்டு, செவுத்தத் தொடாமத் தளத்தை நிறுத்திக் காட்டறேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். மேல இருக்கறவன் பாத்துக்குவானுங்க."

மறுநாள் கொத்தனார் செங்கோட்டையன் எட்டிப் பார்த்தார். "கந்தப்பா, செவுத்துல துளை போடக்கூட மறந்துபோச்சா?" என்று கேலி செய்தார். ஆசாரியும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

வேலை முடிந்த அன்று, சம்பந்தி பரீது ராவுத்தர் கோவிந்தாபுரத்திலிருந்து நாலு பேரோடு வந்து இறங்கினார். தளத்தைச் சுற்றி வந்தார். சுவருக்கும் பலகைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார்.

"என்ன ஆசாரி, இத்தனை கெட்டியான செவுரு பக்கத்துல இருக்குது, தளம் கோவிச்சுக்கிட்ட மருமகப் புள்ளையாட்டம் ஒதுங்கி நிக்குது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"செவுத்துல சாயறது சோம்பேறித் தளமுங்க. நான் பண்ணுனது தன் கால்லயே நிக்கும். ஏறிக் குதிச்சுத்தான் பாருங்களேன்."

"எங்க ஊட்டுச் செவுத்துல யானையவே கட்டலாம், தெரியுமில்ல?" என்றபடி பரீது ராவுத்தர் ஏறி, அந்தக் கனத்த உடம்போடு மூன்று தடவை குதித்தார். ஒரு பலகைகூட முனகவில்லை. சைனுதீன் ராவுத்தர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பலே! சம்பந்தி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் இதுலயே வெச்சு நிக்காஹை முடிச்சுருவோம்!"

எல்லோரும் சாயா குடிக்க உள்ளே போனார்கள். பரீது ராவுத்தர் மட்டும் பின்தங்கி, ஆசாரியின் தோளில் கை போட்டு ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனார்.

"மறுவீட்டு விருந்துக்குள்ள எங்க ஊட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்துருங்க. யாரு கேட்டாலும் இப்பச் சொன்ன பதிலையே சொல்லுங்க." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "செவுத்துல மட்டும் உளிய வெச்சுராதீங்க ஆசாரி... எங்களுதும் முன்னால மட்டுந்தான் செங்கல்."