இருபத்திரண்டு புள்ளி

"ஒன்பது வருஷம். மூணே மூணு கட்டுரை." பேராசிரியர் கோச்செவ் விண்ணப்பத்தை மேசையில் போட்டார். "இத எந்த ஆய்வாளராவது எங்கயாவது மேற்கோள் காட்டியிருக்காங்களாம்மா?"

"இல்லங்க," என்றாள் ரூமியானா.

தலைநகர் சோஃபியாவில், கோச்செவோடு சேர்த்து மதிப்பீட்டுக் குழுவின் ஐந்து பேரும் அவளையே பார்த்தார்கள். அவளுடைய நிலச்சரிவு ஆய்வு தொடர அறுபது புள்ளி வேண்டும். கிடைத்திருந்தது இருபத்திரண்டு.

ரொதோப்பி மலைகளில் ஒன்பது குளிர்காலம் விரல் மரத்துப்போகப் பாறை வெடிப்புகளை அளந்தவள் அவள். எந்தச் சரிவு எவ்வளவு மழைக்கு இறங்கும் என்று வரைபடம் போட்டு, ஒவ்வோர் ஊர்த்தலைவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்திருந்தாள்.

விண்ணப்பத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை.

"அப்போ யாருக்கும் பிரயோஜனம் இல்லன்னு எழுதிக்கோங்க," என்று கோச்செவ் மூலைப்பக்கம் திரும்பிச் சொன்னார்.

அங்கே தட்டச்சுச் சத்தம் நின்றது.

கூட்டக் குறிப்பு எழுதும் நெவேனா நிமிர்ந்தாள். பதினோரு வருடமாக அந்த அறையில் வாய் திறக்காதவள்.

"அத நான் எழுத மாட்டேன் ஐயா. போன மார்ச் மழையில இந்தம்மா படத்தப் பாத்துதான் தலைவர் எங்க ஊரையே காலி பண்ணாரு. எங்கப்பா வர மாட்டேன்னு ஒரே அடம். நாற்காலியோட தூக்கிட்டு வந்தோம். மறுநாள் மலை இறங்கி பதினாலு வீடு மண்ணுக்குள்ள போச்சு."

"நான் கேள்விப்படவே இல்லயே! எத்தன பேர் செத்தாங்க?"

"ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் எப்படிக் கேள்விப்படுவீங்க?"

சரிவு இறங்கியது ரூமியானாவுக்குத் தெரியும். மழைக்குப் பயந்து ஊர் தானாகவே கிளம்பியிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

யாரும் புள்ளிக் கணக்கைத் திரும்ப எடுக்கவில்லை. ஆய்வு தொடரட்டும் என்று ஒரு கை உயர்ந்தது. பிறகு இரண்டு. கடைசியாக உயர்ந்த கோச்செவின் கைதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் நின்றது.

மாலையில் கூட்டக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. கோச்செவ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியை இரண்டு முறை படித்தார். நெவேனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'ஆதரவு: ஆறு. எதிர்ப்பு: இல்லை.'

கோச்செவ் ஒருமுறை நெவேனா பக்கம் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.