மாதிரிக் குரல்

"இவ்வளவு தெளிவாகப் பேசாதீர்கள்" என்றாள் அனூக். "உங்கள் ஊரில் பேசுவதுபோலப் பேசுங்கள்."

பியூலா நிறுத்தினாள்.

எதிரே ஒரே நிறுவனத்திலிருந்து வந்த எட்டுப் பேர். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். புரியாத சொல் வந்தால் கோடு போட வேண்டும். பத்து நிமிடமாக அவள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒருவர்கூடக் கோடு போடவில்லை.

பியூலா பாளையங்கோட்டையில் பதினேழு வருடம் ஆங்கிலம் கற்பித்தவள். கணவன் ஐசக்குக்கு நெதர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. "ஒனக்கென்ன, இங்கிலீஷ் டீச்சரு. எங்க போனாலும் வேல கெடைக்கும்" என்று சொல்லித்தான் அவளை ராஜினாமா எழுத வைத்தான்.

வந்து பார்த்தால், இந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறவர் ஆங்கிலம் பேசினார். மீன் விற்கிறவர் பேசினார். ரயில் நிலையத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், ஈரத்தில் கால் வைத்துவிடாதீர்கள் என்று ஒரு பிழை இல்லாமல் சொன்னாள்.

பதினொரு இடங்களில் வேலை கேட்டாள்.

பதினொரு இடங்களிலும் காபி கொடுத்தார்கள். இங்கே ஆங்கிலம் படிக்க யாரும் வருவதில்லை என்றார்கள்.

பன்னிரண்டாவது, அனூக் நடத்தும் பயிற்சி நிலையம். அங்கே ஒரு வகுப்பு இருந்தது. இந்தியர்கள் பேசுகிற ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளும் வகுப்பு.

அவள் எதையும் கற்பிக்க வேண்டாம். பேசிக் காட்டினால் போதும்.

மறுபடி தொடங்கினாள். பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் திருத்தித் திருத்தித் தொண்டை வறண்ட உச்சரிப்புகளை இப்போது தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இஸ்கூல். இஸ்டேஷன். ஆப்பிஸு.

பென்சில்கள் ஓடின.

யாரோ சிரித்தார்கள். அனூக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இடைவேளை முடிந்ததும் சிவப்புக் கண்ணாடி போட்டவர் லேப்டாப்பைத் திறந்தார். வந்திருந்தவர்களுக்கு அவர்தான் மேலாளர்.

"எங்களுக்கு வேலை செய்து தரும் வெளி நிறுவனத்து ஆள். வாரம் ஒருமுறை ஃபோனில் பேசுவார். இது அவர் பேசியதன் ஒலிப்பதிவு. இவரைக் கொஞ்சம் எங்களுக்கு விளக்குங்கள்."

பொத்தானை அழுத்தினார்.

"ஹலோ, குட் மார்னிங் டு ஆல்."

ஐசக்.



அவன் வேகமாகப் பேசினான். பதற்றம் வந்தால் அப்படித்தான் பேசுவான். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. யாரோ குறுக்கிட்டு, மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள் என்றார்கள். அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். மறுபடி கேட்டார்கள். மறுபடி சொன்னான், கிட்டத்தட்ட கத்தினான். ஒலிப்பதிவுக்குள் ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள்.

அதே சிரிப்பு இங்கே இரண்டாவது நாற்காலியிலிருந்தும் வந்தது.

"என்ன சொல்கிறார்?"

"வெள்ளிக்கிழமை புதிய கணினி முறைக்கு மாற வேண்டாம் என்கிறார்" என்றாள் பியூலா. "மாறினால் பழைய தரவுகள் அழிந்துவிடும் என்கிறார். மூன்று தடவை சொல்கிறார்."

அந்த வெள்ளிக்கிழமையே அவர்கள் மாறியிருந்தார்கள். பழைய தரவுகள் அழிந்திருந்தன.

"அப்படியானால் அவர் எச்சரித்திருக்கிறார்" என்றாள் சிரித்த பெண், தாழ்ந்த குரலில்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புரியாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? வரும் வியாழக்கிழமை கூட்டத்தில் இவரை நீக்கச் சொல்லத்தான் போகிறோம். அதில் மாற்றம் இல்லை."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரிந்தவரா?"

எட்டு முகங்கள்.

"இல்லை" என்றாள்.

"நினைத்தேன். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருக்கிறது."

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நன்றி சொன்னாள். அடுத்த வகுப்புக்கு வரச் சொல்லி அனூக் தேதி கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு ஐசக் வீட்டுக்கு வந்தான்.

"கிளாஸ் எப்பிடிப் போச்சு? நல்லாப் பழகுதாவளா?" என்று ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

அவள் ஆங்கில நாளிதழ் ஒன்றை விரித்து அவன் முன்னால் வைத்தாள்.

"வாசிங்க."

"எதுக்கு?"

"வாசிங்களேன்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி வாசித்தான். மூன்றாவது சொல்லில் அவள் மேஜையைத் தட்டினாள்.

"திரும்ப."

வாசித்தான்.

"திரும்ப."

"ஏட்டி, பசிக்குது."

அடுப்பில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமைக்கு ஆறு நாள்.

"திரும்ப."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. முழு வரியையும் ஒரே மூச்சில், உரக்க வாசித்தான்.

"கத்தாதீங்க" என்றாள். "கத்துனா அவங்களுக்குப் புரியாது."

ஐசக் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருக்கு?"

அவள் விரலை வரியின் தொடக்கத்தில் வைத்தாள்.

"வாசிங்க."