ஒரே நீலம்

"நல்ல வேதியியல் வேலையை விட்டுட்டு ஏம்ப்பா புள்ளியியலுக்குப் போனீங்க?" மகள் கேட்டாள்.

அன்றுதான் பணி ஓய்வு பெற்று வந்திருந்த அப்பா, ஜன்னலில் கரையும் மாலை நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயத் தொழிற்சாலை ஆய்வகத்துல ஒரே நீலத்தைத்தான் திரும்பத் திரும்பக் காய்ச்சினோம். ஒவ்வொரு தடவையும் வேற நீலமா வந்து நிக்கும். ஏன்னு புரியாம மண்டை காய்ஞ்சு கணக்குல இறங்கினவன், அப்படியே அதுல தங்கிட்டேன்."

"காரணத்தைக் கண்டுபிடிச்சீங்களா?"

"ம். உதவிக்கு இருந்த பொண்ணு லீவு போட்ட அன்னிக்கெல்லாம் நிறம் மாறவே இல்ல."

"அடிப்பாவி! வேணும்னே கெடுத்திருக்கா. மாட்டிவிட்டீங்களா?"

"சொன்னா நிறுத்தியிருப்பாளே. அப்புறம் சேர்ந்து காய்ச்ச என்ன சாக்கு?"

திரைச்சீலையை இழுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அப்போ தெரிஞ்சேதான் 'இன்னொரு தடவை காய்ச்சலாம், வா'ன்னு என்னைக் கூப்பிட்டீங்களா?"