கண்ணை மூடினால் அம்மா

"பெத்த அம்மா எப்படி இருப்பாங்கன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

ரயில் நிலைய அறிவிப்பாளர் மைக்கை அணைத்துவிட்டு, எதிரே நின்றவரை முறைத்தார்.

"வயசானவங்க சார். மறதி உண்டு. பெட்டியை இறக்கறதுக்காகக் கையை விட்டேன். அதுக்குள்ள..."

"முகம் எப்படி? நீளமா, வட்டமா?"

அவர் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன உடுத்தியிருந்தாங்க?"

"காலையில நான்தான் உடுத்திவிட்டேன். நீலமோ, பச்சையோ... கண்ணை மூடினா எனக்குப் படமா எதுவும் வராது சார். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நேர்ல பார்த்தா தெரிஞ்சிடும். இல்லேன்னா எல்லாமே வார்த்தையாத்தான் மனசுல இருக்கும்."

"நல்லா இருக்கு நியாயம்!" பக்கத்தில் நின்ற தங்கை வெடித்தாள். வெளிநாட்டிலிருந்து பல வருஷம் கழித்து, அப்போதுதான் ரயிலை விட்டு இறங்கியிருந்தாள். அவளை அழைத்துப் போகத்தான் அண்ணனும் அம்மாவும் வந்திருந்தார்கள். "கூடவே இருந்துட்டு அம்மா முகம் ஞாபகமில்லையாம்! நீ போய் வெளியே தேடு. நான் சொல்லிக்கறேன்."

அவர் ஓடினார்.

தங்கை கண்களை மூடிக்கொண்டாள்.

"நல்ல உயரம் சார். நிமிர்ந்த நடை. இடுப்பு வரைக்கும் பின்னல். சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழும். போன்ல குரலைக் கேட்டாலே போதும், அப்படியே எதிர்ல வந்து நிப்பாங்க."

அறிவிப்பாளருக்கு மனசு இளகியது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். மகள் மனம் அப்படியில்லை போலிருக்கிறது.

சொன்னதை ஒன்று விடாமல் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

அண்ணன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"சார், பேரைச் சொன்னா இப்பல்லாம் அவங்க திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. மைக்கை என்கிட்ட குடுங்க. ஒரு நிமிஷம்."

"அதான் அடையாளம் தெரியாதுங்கறீங்களே, என்ன சொல்லப் போறீங்க?"

"குடுங்க சார்."

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்பதுபோலத் தலையில் அடித்துக்கொண்டு, தங்கை வெளியே போய் வாசலில் நின்றாள்.

அவர் மைக்கருகே குனிந்தார். நிலையம் முழுக்க அவர் குரல் கேட்டது.

"சிஸ்டர், அஞ்சாம் நம்பர் பெட்ல பேஷன்ட் உங்களைத்தான் கேட்கறாரு. அறிவிப்பு அறைக்கு உடனே வாங்க."

அறிவிப்பாளர் புரியாமல் பார்த்தார்.

"அம்மா நர்ஸா இருந்தவங்க சார். என்னையே யாருன்னு கேட்கற நாள் உண்டு. ஆனா இப்படிச் சொன்னா, சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு எழுந்து வந்துடுவாங்க. தினமும் குளிக்கக் கூப்பிடறதே இப்படித்தான்."

சொல்லிக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"அதோ வந்துட்டாங்க சார்!"

அறிவிப்பாளர் எட்டிப் பார்த்தார். கூனல் முதுகும், ஒட்ட வெட்டிய வெள்ளை முடியுமாக ஓர் அம்மாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள்.

வாசலை மறித்து நின்ற தங்கை சட்டென்று ஒதுங்கி வழிவிட்டாள்.

"பார்த்துப் போங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, எக்கி எக்கிக் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினாள்.