சட்டியின் காது

அலுமாரிக்குள் இருந்து தோசைமாச் சட்டியை வெளியே இழுத்தபோது, குழாயின் கைப்பிடியும் கூடவே அசைந்தது.

அவர் அப்படியே நின்றார்.

சட்டியைத் திரும்ப உள்ளே தள்ளிப் பார்த்தார். சட்டியின் காது, வீட்டைச் சூடாக்கும் பொயிலருக்குத் தண்ணீர் விடும் குழாயின் சிவப்புக் கைப்பிடியில் முட்டி அதை மயிரிழை திறந்தது. சன்னமாகத் தண்ணீர் ஓடும் சத்தம். இழுத்தார். அதே காது கைப்பிடியைக் கொளுவி இழுத்துப் பழையபடி மூடியது.

களவெடுத்தவன் கதவையும் சாத்திவிட்டுப் போன மாதிரி.

இதுதானா விஷயம்.

குளிர்காலம் முழுக்க இந்த லண்டன் வீட்டில் நடந்த வழக்கு. சனிக்கிழமை விடிந்தால் பொயிலரின் பிரஷர் முள் சிவப்பில் நிற்கும். வெளிச்சுவர்க் குழாயால் தண்ணீர் கொட்டும். கொட்டி முடிய, முள் அடியில் விழும். வீடு விறைக்கும். அவர் போய்த் தண்ணீர் விட்டு முள்ளைத் தூக்குவார்.

தண்ணீர் விடுவது அவர் என்பதால் குற்றவாளியும் அவர்தான். மனைவி விசாரணை வைக்கவில்லை. தீர்ப்பை மட்டும் வாரா வாரம் வாசித்தாள்.

வெள்ளி இரவு மாச்சட்டியை இந்த அலுமாரிக்குள் தள்ளி வைப்பது அவள். இந்த ஊர்க் குளிரில் மா புளிப்பது பொயிலர்ச் சூட்டில் மட்டும்தான்.

இன்றைக்குப் பழைய பொயிலரைக் கழற்றிப் புதிது பூட்டப்போகிறார்கள். அதற்காக அலுமாரியை ஒதுக்க வந்த அவர் கையில், இத்தனை நாள் கிடைக்காத சாட்சி.

கூப்பிட்டுக் காட்டலாம். வெல்லலாம்.

சோறு அடிப்பிடித்தாலே இரண்டு நாள் சாப்பிடாமல் திரிகிறவள் அவள். இனிச் சட்டியை இந்தப் பக்கம் கொண்டுவரமாட்டாள். மா புளிக்காது. சனிக்கிழமைத் தோசை நின்றுபோனால், லெஸ்டரில் இருக்கும் மகளும் மருமகனும் இவ்வளவு தூரம் கார் ஓட்டி வர வேறு சாட்டுத் தேட வேண்டும். அவர்கள் வரும் நாளுக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறாள்.

கைப்பிடியில் மா காய்ந்து ஒட்டியிருந்தது. உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார்.

மணி அடித்தது.

பொயிலர் பூட்ட வந்தவரும் நம்மாள்தான். குனிந்து பார்த்தார்.

"அண்ணை, இதுக்கு ஆரோ அளவுக்கு மிஞ்சித் தண்ணி விட்டிருக்கினம். அதுதான் பழுதாப் போச்சு."

"நான்தான்."

பின்னால் தேத்தண்ணியோடு நின்றவள் பெருமூச்சு விட்டாள். "கேட்டீங்களே தம்பி? இந்த மனுசன்ர கை சும்மா இராது."

அவர் தலையை ஆட்டினார்.

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போகும் வரை பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, புதுக் குழாயின் கைப்பிடியை மற்றப் பக்கம் வைக்கலாமா என்று கேட்டார். பொயிலரையும் கொஞ்சம் உயர்த்திப் பூட்டச் சொன்னார். எவ்வளவு என்று வந்தவர் கேட்க, இரண்டு கையையும் வட்டமாக விரித்துக் காட்டினார்.

பின்னேரம் வீடு கதகதவென்று இருந்தது. முள் பச்சையை விட்டு அசையவில்லை. மகளும் மருமகனும் சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கால் குசினியைத் தேடினார்கள்.

இந்த வீட்டில் முதல் தோசை மருமகனுக்கு. பிறகு மகளுக்கு. கருகியதும் கிழிந்ததும் கடைசியில் அவருக்கு.

இன்றைக்கு முதல் தோசை அவர் தட்டில் விழுந்தது.

ஓரம் முறுகி, நெய் மினுங்க.

மகள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். தாய் தோசைக்கல்லைப் பார்த்தாள்.

மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுக் கழுவிய சட்டி, தொட்டியருகே கவிழ்ந்து கிடந்தது. கைப்பிடியைத் துடைத்தால் போதும் என்று நினைத்திருந்தார். வாழ்நாளில் சட்டி கழுவாத மனிதர்.

சட்டியின் காதில், எவ்வளவு தேய்த்தும் போகாத சிவப்புச் சாயம், நகக்கண் அளவு.

"ஆறப்போகுது, சாப்பிடுங்கோ," என்றாள், திரும்பாமல்.