ஏழாவது நிறுவனர்

ஒஹாயோவில் எங்கள் கல்லூரியின் மாணவர் சகோதரச் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சரித்திரமும் ஒழுக்கமும் கற்றுக்கொடுப்பவன் பிராக்ஸ்டன்.

"சங்கத்த ஆரம்பிச்ச ஏழு பேர்ல யார் மாதிரி இருக்கணும்?"

"பார்னபி!" என்று புதியவர்கள் நாங்கள் கத்தினோம்.

"ஏன்?"

"ஒரு கூட்டம் தவறினதில்ல! எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் சாப்பிடுவார்! ஒருத்தரையும் குறை சொன்னதில்ல! சங்க ரகசியத்த சாகறவரைக்கும் வெளிய விடல!"

எங்களில் விண்டலுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "அவர் என்ன படிச்சார்ணே?"

"நூறு வருஷமா ஒருத்தனும் கேக்காத கேள்வி! பார்னபி மாதிரி வாய மூடத் தெரியலேன்னா, ஞாயித்துக்கிழமை சங்கத்துல சேர்ற உறுதிமொழி உனக்குக் கெடையாது."

விண்டலின் முகம் தொங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்துத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. நிறுவனர் ஒருவரின் பேத்தி, பரணில் கிடைத்த 1908ஆம் வருடத்துப் படத்தை அனுப்பியிருந்தார். அந்த ஏழு பேரின் முகங்களை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. படத்தின் பின்புறம் ஏழு பெயர்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

பிராக்ஸ்டன் பயபக்தியோடு விரல் வைத்து எண்ணினான். ஆறு பேர் கழுத்துப்பட்டையோடு விறைப்பாக நின்றார்கள். ஏழாவதுக்கு விரல் கீழே இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

விண்டல் எட்டிப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான்.

"சிரிக்காதடா! நிறுவனருக்கு மரியாதை குடு!"

"சத்தியமா இனிமே பார்னபி மாதிரியே இருக்கேண்ணே. வாலுக்கு மட்டும் எங்க போறது?"