எண் இல்லாத சாவி

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் டெல்லி கோல் மார்க்கெட் மண்டபத்தில் எல்லோருக்கும் கண் கூசுகிறது. அகதி முகாம் நிதிக்காக டிக்கெட் வாங்கி வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மேடையில் பாலஸ்தீன எழுத்தாளர் அம்மாள் களைத்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்தெட்டுப் போரின்போது அவர் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி, வரிசை வரிசையாகக் கைமாறி வருகிறது. ஆபீஸிலிருந்து நேரே வந்த மாணிக்கவாசகம் அதை வாங்கியதும், பழக்க தோஷத்தில் புரட்டிப் பார்த்து, அரசாங்கக் குவார்ட்டர்ஸ் சாவிகளில் தொங்கும் எண் அடித்த தகட்டைத் தேடுகிறார். வெறும் துருதான் விரலில் ஒட்டுகிறது. அடுத்த மாதம் அவருக்கு ரிடையர்மெண்ட். கிட்வாய் நகர் வீட்டைக் காலி செய்துவிட்டு, அதன் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சர்வீஸில் அது ஐந்தாவது சாவி. தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிறது. “காலி பண்ணுனா சாவிய ஒப்படைக்கணுமில்லங்க? இந்தம்மா ஏன் கையிலயே வச்சிருக்காங்க?” என்று காதோரமாகக் கேட்கிறாள் மனைவி பூங்கோதை. பக்கத்து நாற்காலிக்காரர், “பாயி சாப், ஜல்தி” என்று அவசரப்படுத்திக் கையை நீட்டுகிறார். பல உள்ளங்கைகளின் சூடு ஏறியிருக்கும் சாவியை மாணிக்கவாசகம் கொடுக்கவில்லை.

“அவங்க இன்னும் காலி பண்ணல, பூங்கோதை.”